மூடியிருந்தபோது பேசியது

ஒரு பேயைத் தூங்க வைத்து, எழுப்பி, திரும்பவும் தூங்க வைத்த ஒரே மனிதன் இந்த உலகத்தில் நான்தான். அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். இதை நம்பாதவர்களில் முதல் ஆள் என் மனைவியின் அண்ணன். கூத்து என்னவென்றால், அந்தப் பேய் பிடித்துக்கொண்டதே அவருடைய தொண்டையைத்தான்.

இருவருக்கும் ஒரே அலுவலகம். நான் நிரல் எழுதுவேன். மச்சான் அதில் ஓட்டை கண்டுபிடிப்பார். அவர் ரகசியம் சொன்னால் மூன்றாவது மாடியில் இருப்பவன் பதில் சொல்வான். அந்தக் குரல்மேல் அவருக்கு அத்தனை கர்வம்.

அன்று காலை கீழ்த்தளத்தில் இருந்த ஒலிப்பதிவு அறைக்குப் போனோம். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. மக்கிய பசையின் வாடை. கதவைச் சாத்தியதும் என் மூச்சே என் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கை தட்டினேன். சத்தம் சுவரைத் தொடுமுன் செத்து விழுந்தது.

நான் எழுதியிருந்தது ஒரு போலி மைக்குக்கான டிரைவர். அப்படி ஒரு மைக்கே கிடையாது. இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் நிரல் அது. லேப்டாப்பின் சொந்த மைக்கில் பேசுவது இந்தப் போலியின் பஃபருக்குள், அதாவது ஒரு சின்னத் தொட்டிக்குள் விழும், மறுபக்கம் ஸ்பீக்கரில் வழியும். லேப்டாப்பை மூடித் தூங்க வைக்கும்போது தொட்டியில் மிச்சம் இருப்பதைக் கொட்டிவிட வேண்டும். அதுதான் முறை. நானோ மகா கஞ்சன். அரைச் சொல்கூட வீணாகக் கூடாதென்று, மிச்சத்தை அப்படியே பிடித்து வைத்து, விழித்ததும் கொடுக்கும்படி எழுதிவிட்டேன்.

"நான் பேசுறது கேக்குதா..." என்று மச்சான் ஆரம்பித்ததும் பாதியில் லேப்டாப்பை மூடினேன். சற்றுப் பொறுத்துத் திறந்தேன்.

"கேக்குது. வாயை மூடு."

லேப்டாப்பிலிருந்து வந்தது மச்சானின் குரல்.

மச்சான் வாயே திறக்கவில்லை.

"விளையாடாதீங்க மாப்ளே. எப்போ பதிவு பண்ணி வச்சீங்க?" என்றார். அவர் தொண்டை கரகரத்தது.

திரும்ப மூடினேன். திறந்தேன்.

"என்னை இருட்டுல தள்ளிட்டுச் சிரிக்கிறீங்களா? சிரிங்க. இவன் தொண்டை எனக்கு வாகா இருக்கு. நானே வச்சுக்கறேன்."

இந்த முறை அது முழங்கியது. மச்சான் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"ஏசி... ஒத்துக்கலை..."

அப்போதும் மனுஷன் நம்பவில்லை!

தொட்டியைக் கொட்டுவதற்கான வரியைத் தட்டச்சு செய்தேன்.

"கொட்டு," என்று அது கொஞ்சியது. "இவன் குரலும் இதுக்குள்ளதான் கிடக்கு. சேர்த்தே கொட்டு."

என் விரல் அந்தரத்தில் நின்றது.

ஒரே வழிதான் இருந்தது. தொட்டியில் இருப்பது அத்தனையும் வழிந்து தீர வேண்டும். புதிதாக ஒரு முனகல்கூட உள்ளே விழக் கூடாது. மைக்கை அணைத்தேன்.

அணையவில்லை.

"மூச்சு விடாதீங்க மச்சான்," என்று ஜாடை காட்டினேன்.

பேய்க்கு அது புரிந்துவிட்டது. எங்கள் வாயைக் கிளறத் தொடங்கியது. மச்சானின் வழுக்கைத் தலையை வைதது. என் நிரலைக் காறித் துப்பியது. "உன் தங்கச்சியை இந்தக் கோமாளிக்கு ஏன் கட்டிக் கொடுத்தே? வேற எவனும் பொண்ணு கேட்டு வரலை, அதானே?" என்றது. பதிலுக்குப் பதில் கொடுக்காமல் ஒரு நாளும் இருந்தறியாத மச்சான், தன் கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். நான் என் பங்குக்குக் கோபத்தை விழுங்கினேன். மலையை விழுங்குவது இதைவிடச் சுலபம்.

குரல் மெலிந்தது. கிழடானது. கடைசியில் பஞ்சுச் சுவருக்குள் ஏதோ மூச்சு வாங்குவதுபோல் இருந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

தொட்டியைக் கொட்டும் அந்தப் புதிய வரியோடு லேப்டாப்பை மூடினேன். மச்சான் கைக்குட்டையைத் துப்பிவிட்டு, "சனியனே!" என்று கத்தினார். பஞ்சு தாண்டி, கதவு தாண்டி, மாடிப்படி அதிர்ந்தது. குரல் வந்துவிட்டது!

"உங்க டிரைவர்ல பிழை. பேயாம் பேய்!" என்றார் அடுத்த மூச்சில்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பின்னும் அவருக்கு அதே பாட்டுத்தான். போன ஞாயிறு சாப்பாடு முடிந்து, அவர் வீட்டுக் கூடத்தில் இந்தக் கதையை மறுபடி எடுத்துவிட்டேன். மச்சான் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்தார்.

"புளுகுக்கும் ஒரு அளவு வேணும் மாப்ளே. சத்தியமாச் சொல்றேன், அதெல்லாம்..."

பாதிச் சொல்லில் தலை தொங்கிவிட்டது. உறக்கம். வயசாகிறதல்லவா!

"பாவம், அண்ணனை விடுங்க," என்று சொல்லி என் மனைவி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். வெளிச்சம் சுவரிலிருந்து தரைக்கு இறங்கி மங்கியது. நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

விட்ட இடத்திலிருந்து மச்சானின் குரல் தொடர்ந்தது. மூன்று மாடிக்குக் கேட்கும் அதே முழக்கம்.

"...நடந்துச்சு மாப்ளே. அத்தனையும் நடந்துச்சு."

கண்கள் மூடியே இருந்தன. உதடுகளும்தான்.