இரண்டு பொத்தான், ஒரு கை

"ரெண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினாத்தான் இந்த பிரஸ் இறங்கும், மேடம். ஒரு கையை உள்ள விட்டுட்டு எப்படி இறக்கினாராம்? ஒரு பொத்தானைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கார், வேற வழியே இல்ல!"

பாதுகாப்பு ஆய்வாளர் அம்மாள் உட்காருமுன்பே பட்டறைக்காரர் கொட்டித் தீர்த்தார். தகடு வெட்டும் அந்த இயந்திரம் அவரே வரைந்து செய்தது. குற்றவாளிக் கூண்டில் அவருடைய தங்கை கணவர். நேற்றைய சோதனை ஓட்டத்தில் சிக்கிய தகட்டை அவர் எடுக்கப்போக, இடக்கை உறையின் நுனி துண்டானது. விரல்கள் மயிரிழையில் தப்பின.

"பொய் சொல்றவரை மெஷின்கிட்ட நிறுத்த முடியாது. இன்னையோட கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன். தங்கச்சி முகத்துலதான் எப்படி முழிப்பேனோ!"

"சத்தியமா நான் எதையும் கட்டல மச்சான்," என்றார் மூலையில் நின்ற பருத்த மனிதர்.

பணி ஓய்வுக்குப்பின் மனைவியோடு சுற்றுவதையே உத்தியோகமாக்கிக்கொண்ட ஆய்வாளரின் கணவர் துள்ளி எழுந்தார். "முழங்கை! ஒரே கையால ரெண்டையும் அமுக்கியிருக்கார்!"

"மோட்டாரை நிறுத்தியாச்சு. நீங்களே அமுக்கிக் காட்டுங்களேன்," என்றார் ஆய்வாளர்.

கணவரின் உள்ளங்கை ஒரு பொத்தானில் பட, முழங்கை மற்றதற்கு ஒரு சாண் முன்பே நின்றது.

"அதுக்குத்தானே விதிப்படி தள்ளி வச்சிருக்கேன்," என்றார் பட்டறைக்காரர்.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். இடுப்பு உயரத்தில் இரு பொத்தான்களும் காளான்போல் துருத்திக்கொண்டிருந்தன. காம்புகளில் எண்ணெய்ப் படிவு கலையவில்லை. பிறகு மூலையில் நின்றவரின் சட்டையைப் பார்த்தார். வயிற்றின் இடப்பக்கம் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை.

"நேத்தும் இதே சட்டையா? தகடு சிக்கினப்ப எப்படி நின்னீங்களோ, அப்படியே நில்லுங்க."

அவர் வலக்கையை வலது பொத்தானில் ஊன்றி, இடக்கையை நீட்டிக் குனிந்தார். இரண்டு பொத்தானும் அமுங்கியதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது.

"தொப்பை!" என்று கூவினார் கணவர்.

"கயிறு கட்டியிருந்தா காம்புல எண்ணெய் அழிஞ்சிருக்கும்," என்றார் ஆய்வாளர் பட்டறைக்காரரிடம். "குனியும்போது கையும் வயிறும் ஒரே நேரத்துல அமுக்கியிருக்கு. முழங்கையை நினைச்சீங்க, வயித்தை மறந்துட்டீங்க. பொத்தானைச் சுத்தி உயரமா ஒரு வளையம் இருந்தா, கை மட்டும்தான் உள்ள போகும். இத்தனை நாள் ஓட்டிப் பார்த்தது நீங்க. ஈர்க்குச்சி மாதிரி இருக்கீங்க, உங்க வயிறு எங்க படப்போகுது?"

பட்டறைக்காரரின் குரல் இறங்கியது. "வலது பொத்தான்ல ஏன் மாப்பிள்ளை கையை ஊன்றினீங்க?"

"ஒண்ணை அமுக்கினா இறங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க செஞ்ச மெஷினாச்சே மச்சான், நம்பித்தான் சாஞ்சேன்."

பட்டறைக்காரர் வெளியே போய், இயந்திரத்தை ஏற்றிப்போக வந்த லாரியைத் திருப்பி அனுப்பினார். அளவு நாடாவோடு திரும்பி வந்தார்.

"இப்படி முன்னாடி வந்து நில்லுங்க மாப்பிள்ளை. இனிமே உங்களை வச்சுத்தான் வரையணும். அட, வயித்தை உள்ள இழுக்காதீங்க!"