விஸ்வகர்மா பூஜையில் ஒரு டிரில் சத்தம்!

போன் அடித்தது.

ரஞ்சனா எடுப்பதற்குள் நின்றது. மறுபடி அடித்தது!

"ரஞ்சு... அப்பா அங்கே வந்தாராடி?"

அம்மா நீலாவதி, பெஹாலா வீட்டிலிருந்து. குரலே சரியில்லை.

"இல்லையேம்மா. ஏன், ஆத்துல இல்லையா?"

"நேத்து சாயங்காலம் சைட்டுக்குப் போனவர்டி. அப்புறம் ஒரு மெசேஜ் வந்தது. நாளைக்கு ஹல்தியாவில சைட் இன்ஸ்பெக்ஷன், ராத்திரியே கிளம்பறேன், போன் எடுக்க முடியாதுன்னு. நானும் சரின்னு படுத்துட்டேன். காலையிலேர்ந்து போன் ஆஃப்ல இருக்கு!"



"ஹல்தியாவா? இன்னிக்கா?"

"அப்படித்தான் போட்டிருக்கார்."

"அம்மா... இன்னிக்கு விஸ்வகர்மா பூஜைம்மா!"

"ஐயையோ, ஆமாண்டி!" என்றாள் அம்மா. கல்கத்தாவில் குடித்தனம் செய்பவள் அல்லவா? அவளுக்கும் இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

நம் ஊர் ஆயுத பூஜை வருவதற்குள் கல்கத்தாக்காரர்கள் முந்திக்கொண்டு விடுவார்கள். விஸ்வகர்மா பூஜை! ஸ்பானரிலிருந்து கிரேன் வரை எல்லாவற்றுக்கும் குங்குமம். அன்றைக்கு ஒரு சைட்டிலும் ஒரு ஆணியைக்கூட அடிக்க மாட்டார்கள். அடித்தால் தெய்வ குத்தம். அடித்தவனைச் சும்மா விடவும் மாட்டார்கள்.

அப்படிப்பட்ட நாளில் எந்த மகராஜன் இன்ஸ்பெக்ஷன் வைத்தான்?

"நான் பார்க்கறேம்மா. நீ பயப்படாதே."



ரஞ்சனா நீல்குட்டி மெட்ரோ ஸ்டேஷனின் கன்ட்ரோல் ரூமில் வேலை செய்பவள். கல்யாணமாகி காளிகாட்டில் இருக்கிறாள். அப்பா ஜம்புநாதன் ரயில்வேயில் ரிட்டயரான இன்ஜினீயர். சும்மா இருக்க முடியாமல் இதே ஸ்டேஷனின் விரிவாக்க வேலைக்குப் பாதுகாப்பு ஆலோசகராக வந்து உட்கார்ந்திருந்தார்.

பழைய லைனையும் புது லைனையும் பூமிக்கடியில் இணைக்கும் ஒரு பாதை. துர்கா பூஜைக்குள் திறந்தாக வேண்டும். திறந்துவிட்டால் இரண்டு லைன் கூட்டமும் அதற்குள் புகுந்து புறப்படும்.

கதவு திறந்தது.

"என்ன ரஞ்சனா, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?"

ஸ்ரீநாத்! புதுப் பாதையின் கட்டுமானத்துக்குப் பொறுப்பான இன்ஜினீயர். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. சனிக்கிழமை தவறாமல் அம்மா கையால் ரசம் சாப்பிடுகிறவன். அவனைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார்... அப்பாவைக் காணோம் சார்!"

விஷயத்தைக் கேட்டான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"மெசேஜ் வந்திருக்கில்ல? ஹல்தியாவில டவர் கிடைக்காது. சாயங்காலம் வந்துடுவார், பாரு."

"இன்னிக்கு எவனும் வேலை செய்ய மாட்டான் சார்."

"நம்ம சைட்ல லீவு. ஹல்தியாவிலயுமா?"

"பெங்கால் பூரா சார்!"

"அப்படியா?" என்றான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. "சரி, போலீஸ் கீலீஸ்னு போயிடாத. மாமிதான் பாவம், பயந்துடுவாங்க. சாயங்காலம் வரைக்கும் பொறுப்போம்."

பொறுக்கலாம்தான். ஆனால்...

ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்...!

ரஞ்சனா துள்ளி எழுந்தாள்.

சுவருக்குள்ளிருந்து வந்தது சத்தம். இல்லை, சுவருக்கும் அப்பாலிருந்து. தடுப்புத் தகரம் போட்டு மூடி வைத்திருந்த புதுப் பாதையிலிருந்து!

"டிரில் சார்! யாரோ டிரில் போடறாங்க!"

"ஏ... ஏசி டக்ட்டா இருக்கும்."

"எனக்கு டிரில் சத்தம் தெரியாதா? மாசக்கணக்கா அதைக் கேட்டுண்டுதானே உட்கார்ந்திருக்கேன்!"

ட்ர்ர்ர்ர்ர்... நின்றது. மறுபடி ட்ர்ர்ர்ர்ர்!

ஸ்ரீநாத்தின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. பாவம், அவரும் பயந்துவிட்டார் என்று நினைத்தாள் ரஞ்சனா. அவள் மூளை அப்போது வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு டிரில்லைத் தொடுகிறவன் இந்த ஊர்க்காரன் இல்லை. இந்த சைட்டுக்காரனும் இல்லை. திருட்டுத்தனமாக உள்ளே புகுந்தவன். ஆளில்லாத நாளாகப் பார்த்துத் தரையை உடைக்கிறான். எதற்கு? எதைப் புதைக்க?

யாரைப் புதைக்க?

"ஐயோ!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். "சார், ஆர்.பி.எஃப்பைக் கூப்பிடறேன்!"

போனை எட்டிய கையை ஸ்ரீநாத் மெல்லப் பிடித்தான்.

"வேண்டாம். பிளாட்பாரத்துல இத்தனை ஜனம். துப்பாக்கியோட நாலு பேர் ஓடினா என்ன ஆகும்? தள்ளுமுள்ளாகி நாலு உயிர் போயிடும். என்கிட்ட கேட் சாவி இருக்கு. நாமளே பார்த்துட்டு வந்துடலாம்."

நியாயமாகத்தான் பட்டது. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பிளாட்பாரத்தின் கோடியில் இருந்தது இரும்பு கேட். ஸ்ரீநாத் திறந்தான். அவள் உள்ளே போனதும் பின்னாலேயே வந்து பூட்டினான்.

"பூட்டறீங்களே?"

"பப்ளிக் யாராவது நுழைஞ்சுடுவாங்க."

உள்ளே இருட்டு. பூஜைக்காக மெயின் லைட்டை அணைத்துவிட்டிருந்தார்கள். அவன் டார்ச் அடித்தான். ஈர சிமென்ட் வாடை மூக்கில் ஏறியது. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. தலைக்கு மேலே எங்கோ காற்றுக் குழாய் வழியாகப் பந்தலின் மேளச் சத்தம் லேசாக இறங்கி வந்தது. தொழிலாளிகள் எல்லோரும் மேலே பூஜையில். கீழே அவர்கள் இருவர் மட்டும்.

இருவர் மட்டும்தானா?

மேளம் நின்றது.

ட்ர்ர்ர்ர்ர்ர்ர்...!

சத்தம் இப்போது மிகக் கிட்டத்தில்!

"சார்... திரும்பிடலாம் சார். ஆள் கூட்டிண்டு வரலாம்..."

"வந்தாச்சு. நட."

அவன் குரல் மாறியிருந்தது. மரியாதையாகப் பேசுகிற ஸ்ரீநாத் சாரின் குரல் இல்லை அது.

பாதையின் பாதி தூரத்தில் பம்ப் ரூம். இரும்புக் கதவு. வெளியே பெரிய பூட்டு. டார்ச் வெளிச்சம் கதவின் விளிம்பில் விழுந்தது. இடுக்கு வழியாகத் தண்ணீர் மெல்லிசாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது, இடுப்பு உயரத்துக்கும் மேலே!

அவ்வளவு தண்ணீரா உள்ளே நிற்கிறது?

கல்கத்தா மண்ணைத் தோண்டினால் ஊற்றுதான். பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பம்ப் சத்தமே கேட்கவில்லை.

கேட்டது டிரில் மட்டும்தான். அதுவும் கதவுக்கு உள்ளேயிருந்து!

ரஞ்சனா கதவைப் படபடவென்று தட்டினாள்.

"யாரு? யாரு உள்ளே?"

டிரில் நின்றது.

"ரஞ்சு...?"



"அப்பா! அப்பா, நான்தான்ப்பா! ஸ்ரீநாத் சாரும் வந்திருக்கார்ப்பா! இதோ திறக்கச் சொல்றேன்!"

உள்ளேயிருந்து வந்தது அலறல்.

"ஓடிடு! ரஞ்சு, அவன்கிட்டேயிருந்து ஓடிடு!"

ரஞ்சனா திரும்பினாள்.

ஸ்ரீநாத் தரையில் கிடந்த இரும்புப் பைப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். அவசரமே இல்லை அவனிடம்.

"நான்தான் வேண்டாம்னு சொன்னேனே ரஞ்சனா. சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல?"

"நீ... நீயா?"

"உங்கப்பாவுக்கு என்ன வயசு? பேரனைக் கொஞ்சிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே? சுவர்ல விரிசல், உள்ளே கம்பியே இல்லைன்னு நேத்து ஒரு பேட்டரி டிரில்லைத் தூக்கிக்கிட்டு வந்துட்டார். எல்லாரும் போனப்புறம், பம்ப் ரூம் சுவர்ல ஓட்டை போட்டு எனக்கே காட்டறார்!"

"கம்பி இல்லையா?"

"இருக்கு. பாதி இருக்கு."

பயத்திலும் அவளுக்குப் பகீரென்றது. பாதிக் கம்பி! இந்தச் சுவரை நம்பித்தான் துர்கா பூஜைக் கூட்டம் மொத்தமும் நடக்கப் போகிறது!

"பாதையைத் திறக்க விட மாட்டேன்னார். கெஞ்சிப் பார்த்தேன். கேக்கலை. போனைப் பிடுங்கிட்டு வெளியே வந்து பூட்டினேன். பம்பை அணைச்சேன். மெசேஜையும் நானே போட்டேன். நாளைக்குக் காலைல பம்பை ஓட்டித் தண்ணியை வடிச்சு, பூட்டையும் எடுத்துட்டா போதும். இருட்டுல தனியா வந்து மாட்டிக்கிட்டார், பாவம் பெரியவர்னு சொல்லிடலாம். இப்போ அப்பாவைத் தேடி வந்த பொண்ணும்னு சேர்த்துச் சொல்லணும்."

"கத்துவேன்! ஊரைக் கூட்டுவேன்!"

"கத்து. ராத்திரி அவரும் கத்தித்தான் பார்த்திருப்பார். கேட் பூட்டியிருக்கு. இன்னிக்கு லீவு ரஞ்சனா! ஒரு பய கீழே இறங்க மாட்டான். நாள் பார்த்துதானே செஞ்சேன்!"

ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்...! உள்ளே மறுபடி ஆரம்பித்தது.

ஸ்ரீநாத் சிரித்தே விட்டான்.

"கிழவருக்கு எவ்வளவு நம்பிக்கை, பார்! அந்தத் துக்கடா டிரில்லை வெச்சு இந்தக் கதவை ஓட்டை போடப் போறாராம்!"

ரஞ்சனா பின்வாங்கினாள். முதுகில் சுவர் இடித்தது. அதற்கு மேல் போக இடமில்லை. காளிகாட்டில் அவள் குழந்தை இந்நேரம் சாப்பிட்டிருக்கும். அந்த நினைப்பு எதற்கு இப்போது வந்ததோ, அவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

பைப் மேலே உயர்ந்தது...

"யார்றா அது?!"

பெங்காலியில் ஒரு கர்ஜனை!

பாதையின் மறுகோடியில் வெளிச்சம். ஒன்று, இரண்டு, ஏராளம்! மேலே தெருவிலிருந்து இறங்கும், கிணறு போன்ற ஒரு கட்டுமானக் குழியின் ஏணி வழியாக ஆட்கள் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் குங்குமம். கழுத்தில் மாலை. முன்னால் வந்தவர் ஃபோர்மேன் பாபி மொண்டல். கையில் பிரசாதக் கிச்சடி கிண்டிய கரண்டி, முகத்தில் நெருப்பு.

"யார்றா டிரில் போடறது? புஷ்பாஞ்சலிக்கு மேளத்தை நிறுத்தினா ட்ர்ருங்குது! மந்திரம் சொன்னா ட்ர்ருங்குது! புரோகிதர் எழுந்து போறேங்கறார்! எந்தப் பாவிடா விஸ்வகர்மா பூஜையில மெஷினைத் தொட்டவன்?"

ஸ்ரீநாத் பைப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"இங்கே... இங்கே யாரும் டிரில் போடலையே!"

ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்...! என்றது கதவு.

பாபியின் கண் சிவந்தது.

"உள்ளே இருக்கானா? கதவைத் திற! இன்னிக்கு அவன் தோலை உரிக்கிறேன்!"

"சாவி... சாவி எங்கிட்ட இல்லை..."

"பாபி அண்ணா!" ரஞ்சனா பெங்காலியில் வீறிட்டாள். "பொய்! அவன் பேன்ட் பாக்கெட்டைப் பாருங்க! உள்ளே இருக்கறது எங்கப்பா! இவன்தான் பூட்டி வெச்சிருக்கான்!"

ஸ்ரீநாத் ஓடப் பார்த்தான். எங்கே ஓடுவது? ஒரு பக்கம் அவனே பூட்டிய கேட். இன்னொரு பக்கம் பாதிப் பூஜையில் எழுந்து வந்த மொத்த ஷிஃப்ட்! பாபியின் கரண்டி அவன் காதோரம் இறங்கியது. பைப் கீழே விழுந்தது. யாரோ சாவியை உருவினார்கள்.

கதவு திறந்ததும் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து எல்லோர் காலையும் வாரிவிட்டது.

கதவை ஒட்டி, பம்ப் ரூமுக்குள் இறங்கும் படியின் உச்சியில் ஜம்புநாதன் நின்றிருந்தார். மார்பு வரை நனைந்து, உதடு நீலம் பாரித்து, இரண்டு கையாலும் டிரில்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி!

ரஞ்சனா தண்ணீரை அளைந்துகொண்டு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை.

"ராத்திரியே போட்டிருக்கக் கூடாதாப்பா? உயிரே போயிடுத்து எனக்கு!"

"ராத்திரி யாரு இருக்கா கேக்க? இருந்ததே கொஞ்சூண்டு பேட்டரி. காலையில காத்துக் குழாய்ல மேளம் கேட்டுது. அது கீழே வந்தா இதுவும் மேலே போகுமே! மேளம் நிக்கற வரைக்கும் பல்லைக் கடிச்சுண்டு காத்திருந்தேன்..."

அதற்குள் பாபி அவருடைய டிரில்லைப் பிடுங்கித் தன் சட்டையால் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேலே அனுப்பிவிட்டார். பூஜையில் வைத்த கருவிகளில் ஒன்று குறைகிறதாம்!

போலீஸ் வந்தது. மேலே, பந்தலுக்குப் பக்கத்தில், கம்பளியைப் போர்த்தி ஜம்புநாதனை உட்கார வைத்திருந்தார்கள். விலங்கு மாட்டிய ஸ்ரீநாத் அவர் எதிரே வந்ததும் நின்றான். ஒரு காது வீங்கியிருந்தது. அவனுக்கு இன்னமும் நம்ப முடியவில்லை.

"இன்னிக்கு லீவு சார்... லீவு நாள்ல இவங்க ஒருத்தன்கூட சைட்டுக்குள்ள வரமாட்டானே சார்..."

ஜம்புநாதன் பல் தந்தியடிக்கச் சிரித்தார்.

"உண்மைதான்ப்பா. லீவு நாள்ல வேலை செய்ய இந்த ஊர்ல ஒருத்தனும் வரமாட்டான். ஆனா எவனாவது வேலை செஞ்சா, அதை நிறுத்தறதுக்கு மொத்தப் பேரும் வந்துடுவா!"