சிஞ்ஞோறாவின் மஞ்சள் சோபா

கடல் கடந்த தேசத்தில் கால்சா என்றொரு பகுதி; அங்கே கடலைப் பார்த்த ஒரு பழைய மாளிகை, பிள்ளைகளே. எமிலியானா அங்கே வீட்டுவேலைக்குப் போன முதல் நாளே, கூடத்தின் நடுவில் அந்தச் சோபாவைக் கண்டாள். அமெரிக்கா சுதந்திரம் வாங்கிய கொஞ்சக் காலத்தில் அங்கே செய்தது. வீட்டுக்காரி சிஞ்ஞோறாவின் பூட்டன் கப்பலில் கொண்டுவந்தது. மெலிந்த மரக்கால்கள், மஞ்சள் பட்டு. உள்ளே ஸ்பிரிங் இல்லை, குதிரைமயிர்தான். யாரும் அதில் குந்தியிருக்கக்கூடாது.

முன்பு அங்கே வேலை செய்தவள் சந்திரமதி. பெர்மெசோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்க வேண்டும்; வேலைக் கடிதத்தில் ஒரு கையெழுத்துக்காக எட்டு மாதம் சிஞ்ஞோறாவிடம் கெஞ்சினாள். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரியப் பார்த்தாள். பட்டு பழுதாகும் என்று சிஞ்ஞோறா தடுத்தாள். சந்திரமதி தரையில் கிடந்து செத்தாள்.

எமிலியானாவுக்கும் அதே கையெழுத்துத்தான் வேண்டும்.

அன்று வேலை முடிந்து கிளம்பும்போது, அந்தத் தரையைப் பார்த்து வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"போட்டு வாறன், சந்திரமதியக்கா."

சாவு விழுந்த இடத்தில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பலாமா? செத்தவர் பின்னாலேயே வருவாராம்.

குதிரைமயிர் நெரிந்தது. யாரோ இருந்த சத்தம்.

"ஓம்."

மறுநாள் பகல். வெக்கைக் காற்றுக்காக ஜன்னல்களெல்லாம் சாத்திக் கிடந்தன. பட்டில் ஒரு பள்ளம்.

"நீதானே இருந்தாய், அழுக்குப் பிடித்தவளே!" சிஞ்ஞோறா கத்தினாள். "இனிக் கையெழுத்தும் இல்லை, வேலையும் இல்லை!"

"மாதாவாணை, நான் இருக்கேல்லை சிஞ்ஞோறா!"

சிஞ்ஞோறா குனிந்து பள்ளத்தைத் தடவினாள்.

கை திரும்பி வரவில்லை.

பட்டுக்குள்ளிருந்து கறுத்த மயிர் எழுந்து விரல்களைச் சுற்றியது. தேங்காயெண்ணெய் மணத்தது.

"இருங்கோ," என்றது குரல், மரியாதையாக. "எவ்வளவு நேரமெண்டு நிக்கிறது?"

சிஞ்ஞோறா தொப்பென்று இருந்தாள்.

எமிலியானா அவளைப் பிடித்து இழுக்கவில்லை. பையிலிருந்த கடிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். அவளைத் திட்டாதேயுங்கள், கண்ணுகளே. சிஞ்ஞோறா மற்றக் கையால் ஒப்பமிட்டாள்.

சிஞ்ஞோறா சாகவில்லை. இன்றும் அதில்தான் இருக்கிறாள். தூக்கப் போனால் அலறுகிறாள்.

மூன்று கிழமை கழித்து எமிலியானா குவெஸ்தூராவுக்கு, அதுதான் பெர்மெசோ கொடுக்கும் பொலிஸ் அலுவலகத்துக்கு, தனியாகப் போய், கண்ணாடிக்கு முன்னே கடிதத்தை வைத்தாள். அதிகாரி அவளது தோளுக்கு மேலால் பார்த்தார்.

"உங்கள் இருவரில் எமிலியானா யார்?"

வாயைத் திறந்தாள். நாக்கு அசையவில்லை.

"நான்தான்," என்றது பின்னாலிருந்து அதே குரல்.

அதிகாரி தலையசைத்து முத்திரையைக் குத்தினார்.