அரை மாத்திரை... முழு ஆபத்து!

"ஐயோ...!"

ருக்மணியின் அலறல் காஜா பெராங் வட்டாரத்தையே உலுக்கியது.

காலை எட்டு மணி. சுவர்க்கடிகாரம் ஒன்பதரை காட்டியது. ஜப்பான்காரன் வந்த பிறகு மலாக்காவில் டோக்கியோ நேரம்தான்!

சற்று முன்தான் ராணுவ லாரி ஒன்று வந்தது. நிற்கவில்லை. பின்பக்கத்திலிருந்து எதையோ ரோட்டில் உருட்டிவிட்டுப் பறந்துவிட்டது.

மூட்டை இல்லை.

மனிதன்!

நடராஜன். பள்ளிக்கூட ஆசிரியர். ருக்மணியின் கணவன். ஒன்பது நாள் முன்னால் கெம்பெத்தாய் என்ற ஜப்பானிய ராணுவ போலீஸ் வீடு புகுந்து இழுத்துப்போனது. செய்த குற்றம்? ஒளித்து வைத்திருந்த ரேடியோவில் வெள்ளைக்காரன் செய்தி கேட்டது.

இப்போது உடம்பு மட்டும் திரும்பி வந்திருந்தது. விரல்களில் நகம் இல்லை.

பக்கத்து வீட்டு ஜன்னலில் இரண்டு முகங்கள். நஜ்முன்னிசா. அவள் கணவன் ஷரீஃபுதீன்.

"உள்ள வா நஜ்மு! பார்க்காத!"

"மச்சான்... யாரோ காட்டிக் குடுத்திருக்கான்."

"மெதுவா பேசு!"

"அந்த ரேடியோவைக் கேட்டது மூணே பேரு. நடராஜன் சார் போயிட்டாரு. மிச்சம் நீங்களும் எங்க சமது காக்காவும்தான்!"

அப்துல் சமது அவளுடைய ஒரே அண்ணன்.

ஷரீஃபுதீன் அவளை உள்ளே இழுத்தான். ஜன்னலைச் சாத்தினான். தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

பயமா?

இல்லை... வேறு ஏதாவதா?

* * *

ஷரீஃபுதீனுக்குப் பத்து வயதிலிருந்து வலிப்பு.

தினம் ஒரு மாத்திரை. அது இருக்கும்வரை அவன் எல்லோரையும் போலத்தான். பண்டார் ஹிலிரில் துணிக்கடை வைத்தான். கல்யாணம் செய்தான். சைக்கிளில் ஊர் சுற்றினான்.

போர் வந்தது. கப்பல் நின்றது. துணியும் இல்லை, மருந்தும் இல்லை. கடையை மூடிவிட்டு வீட்டுப் பின்கட்டில் தேங்காயெண்ணெய்ச் சோப்பு காய்ச்சினான்.

நஜ்முன்னிசா கெட்டிக்காரி. முதல் குண்டு விழுந்த மறுநாளே கையிலிருந்த மாத்திரைகளை மூன்று டப்பாக்களில் பிரித்தாள். அரிசிப் பானையில் ஒன்று. விறகுக்குப் பின்னால் ஒன்று. அண்ணன் வீட்டில் ஒன்று. வீடு எரிந்தாலும், கொள்ளை போனாலும், இரவோடு இரவாக ஓட நேர்ந்தாலும் ஏதாவது ஒன்று மிஞ்ச வேண்டும்!

இரண்டரை வருஷம் அப்படித்தான் ஓடியது.

இப்போது மிச்சம் இருபத்தாறு, எல்லாம் அரிசிப் பானை டப்பாவில். இரண்டு மாதமாக நாளுக்கு அரை மாத்திரைதான். காலையில் தோள் வெட்டி வெட்டி இழுக்கும். கொதிக்கிற சோப்புக் கொப்பரைக்குப் பக்கத்தில் அவன் நிற்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு நின்றுவிடும்.

ஆனால்...

மூன்று வாரமாக இழுப்பு இல்லை. அவன் முகத்தில் தெளிவு.

எப்படி?

நடராஜனை அடக்கம் செய்த மறுநாள் அவளுக்கு விடை கிடைத்தது. சோப்புக்குச் சாம்பல் அள்ளப் போனாள். டின்னுக்குள் கை எதிலோ இடித்தது.

பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி. மேலே ஜப்பானிய எழுத்து. உள்ளே அதே வெள்ளை மாத்திரைகள். நூறாவது இருக்கும்!

நஜ்முன்னிசா புட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

மலாக்கா முழுக்கத் தேடினாலும் தலைவலி மாத்திரைகூடக் கிடைக்காத காலம். இந்தப் புட்டி யார் கொடுத்தது?

எதற்குக் கூலி?

அன்று சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"மச்சான்... அரை மாத்திரை போதுதா? வேற எங்கயாச்சும் கிடைக்குமா?"

"எங்கே கிடைக்கும்? நீ குடுக்கறதுதான் எனக்கு."

பொய்!

கண்ணைப் பார்க்காமல் சொன்ன பொய்!

அன்று மாலையே தெருவில் அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லா ஆண்களும் பள்ளிக்கூடத் திடலுக்கு வரவேண்டும். வராதவன் வீட்டில் துப்பாக்கி பேசும்.

அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

தலையாட்டி வருகிறான்!

தலையில் கோணிப்பை. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வரிசையாக ஆட்களைப் பார்த்துக்கொண்டே வருவான். யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவன் லாரிக்குப் போவான். லாரிக்குப் போனவன் நடராஜனைப் போலத்தான் திரும்புவான்.

கோணிப்பைக்குள் என் புருஷனா?

அவன் முன்னால் என் அண்ணனா?

* * *

டாக்டருக்கு உதவியாளராக இருந்த சேதுபதி டிரெஸ்ஸர் என்றால் காஜா பெராங்கில் கும்பிடாதவர்கள் இல்லை. பெரிய டாக்டர்கள் ஓடிப்போன பிறகு ஊருக்கே அவர்தான் வைத்தியம். காசு இல்லை என்றாலும் கட்டுப் போடுவார். தடித்த, கரகரத்த குரல். அதட்டினால் குழந்தைகள் அழுகையை நிறுத்தும்.

"வாம்மா. எப்படி இருக்கான் ஷரீஃபு?"

"நல்லா இருக்காருங்க ஐயா. ஒரு சந்தேகம். நாளைக்கே ஓட வேண்டி வந்து, மாத்திரை தொலைஞ்சு போச்சுன்னா... என்னாகும்?"

சேதுபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"பேச்சுக்குக்கூட அப்படிச் சொல்லாத! இதைப் படக்குன்னு நிறுத்தவே கூடாது. நாலு நாள், அஞ்சு நாள்ல வலிப்பு வரும். முன்னே வந்த மாதிரி இல்ல... ஒண்ணு மேல ஒண்ணா வரும். உசுருகூடப் போகலாம்!"

"குறைக்கணும்னா?"

"வாரக்கணக்குல, கொஞ்சம் கொஞ்சமா. கையிருப்பு ரெண்டு வாரத்துக்குக் கீழ போறதுக்கு முன்னாடியே என்கிட்ட ஓடியாரணும். எங்க போனாலும் நாலு மாத்திரை மடியில இருக்கணும். புரியுதா?"

"புரியுதுங்க ஐயா."

புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்!

* * *

அவள் அழுதுகொண்டே செய்தாள்.

மாவைப் பிசைந்து, சின்னச் சின்னதாகத் தட்டி, வெயிலில் காயவைத்தாள். அரிசிப் பானை டப்பாவில் போலி. சாம்பல் டின் புட்டியிலும் போலி. நிஜ மாத்திரைகள் அவளுடைய துணிப் பெட்டிக்குள் போயின. நான்கு மட்டும் எப்போதும் முந்தானை நுனியில்.

கணக்கு இதுதான். ஞாயிறு காலை அவன் பாயை விட்டு எழக்கூடாது. எழாத மனிதன் தலையாட்ட முடியாது. தங்கள் ஆளை அவர்களே சுடவும் மாட்டார்கள். வலிப்பு வந்ததும் நிஜ மாத்திரையைக் கொடுத்துவிடலாம்.

உயிர் போய்விட்டால்?

அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ருக்மணி வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.

மூன்றாம் நாள். சோப்புக் கரண்டி அவன் கையிலிருந்து துள்ளி விழுந்தது.

"என்னமோ மாதிரி இருக்கு நஜ்மு. தலைக்குள்ள வண்டு குடையுது."

"கொப்பரைக்கிட்ட போகாதீங்க மச்சான்! நான் கிண்டறேன்."

நான்காம் நாள். தோள் வெட்டியது. அவன் பயந்த கண்களோடு சாம்பல் டின் பக்கம் போனான். ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினான். அவள் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே நின்றாள். ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா? ஒரு காலை எடுத்து வைத்தாள்.

பின்வாங்கினாள்.

ஞாயிறு விடிந்தது.

பாய் காலியாக இருந்தது!

சைக்கிளும் இல்லை.

"யா அல்லாஹ்...! போயிட்டாரே!"

* * *

பள்ளிக்கூடத் திடல்.

வரிசை வரிசையாக ஆண்கள். சுற்றிலும் கத்தி செருகிய துப்பாக்கிகள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெண்கள். இருமல் சத்தம்கூட இல்லை.

லாரியிலிருந்து அவன் இறங்கினான்.

தலையில் கோணிப்பை. முழங்கால்வரை தொங்கும் நீளச் சட்டை. பக்கத்தில் கெம்பெத்தாய் அதிகாரி.

நஜ்முன்னிசா பல்லைக் கடித்தாள். விழு! இப்பவே விழு!

அவன் விழவில்லை. நிதானமாக நடந்தான்.

முதல் வரிசை. ஒரு தலையாட்டல். ஒருவனை இழுத்துப் போனார்கள்.

இன்னொரு தலையாட்டல். இன்னொருவன்.

இரண்டாம் வரிசை. அங்கே அவளுடைய அண்ணன் அப்துல் சமது. அவனுக்குப் பக்கத்தில்...

நஜ்முன்னிசா கயிற்றை எட்டிப் பிடித்தாள்.

அவனுக்குப் பக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றது ஷரீஃபுதீன்!

அவள் புருஷன் வரிசையில் நிற்கிறான்!

அப்படியென்றால் கோணிப்பைக்குள் இருப்பது...?

யாராகவும் இருக்கட்டும்! அவள் செய்த காரியம்? ஒரு பாவமும் அறியாதவனுக்கு ஐந்து நாளாக மருந்தை நிறுத்திவிட்டாளே!

"மச்சான்!"

கயிற்றுக்குள் குனிந்து பாய்ந்தாள். துப்பாக்கிக் கட்டை நெஞ்சில் இடித்தது. புழுதியில் விழுந்தாள்.

கோணிப்பை அப்துல் சமதுவின் முன்னால் நின்றது. இரண்டு ஓட்டைகளும் அவனையே பார்த்தன.

அந்த நொடி...

ஷரீஃபுதீன் தொண்டையிலிருந்து மனிதக் குரல் இல்லாத ஒரு சத்தம். மரம் சாய்வது போல் சாய்ந்தான். கை கால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை. தலை கருங்கல்லில் மோதி மோதித் துள்ளியது.

"பாக்கெரோ!" அதிகாரி ஜப்பானிய வசவில் கத்தினான்.

யாரும் அசையவில்லை. அசைந்தால் சுடுவார்கள்.

ஒருவன் மட்டும் அசைந்தான்.

கோணிப்பை!

பாய்ந்து மண்டியிட்டான். விழுந்தவனின் தலையைத் தன் மடியில் தாங்கினான்.

"கல்லை எடுங்கடா! ஒருக்களிச்சுப் படுக்க வை! வாயில ஒண்ணும் வைக்காதே... நகருங்க, காத்து வரட்டும்!"

தடித்த, கரகரத்த குரல்.

திடல் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது.

அந்தக் குரலை அறியாத ஆள் காஜா பெராங்கில் உண்டா?

"டிரெஸ்ஸர் ஐயா...!" என்றான் அப்துல் சமது.

கோணிப்பை ஒருமுறை அதிகாரி பக்கம் திரும்பியது. பிறகு, மெல்ல, அவரே அதைக் கழற்றினார். சேதுபதியின் முகம் நனைந்திருந்தது.

நஜ்முன்னிசா தவழ்ந்து வந்து சேர்ந்தாள். இம்முறை எந்தச் சிப்பாயும் தடுக்கவில்லை. அவர்களும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றார்கள்.

"எப்படிம்மா வந்துச்சு? நான்தானே முழுப் புட்டி குடுத்தேன்? உன்கிட்டகூடச் சொல்லாதன்னு சொல்லிக் குடுத்தேனே!"

"நீங்களா... குடுத்தீங்க?"

"அவனுக ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு. சும்மா தரமாட்டானுக. பேரு கேட்டான்." கோணிப்பையால் முகத்தைத் துடைத்தார். "சர்க்கரை, வலிப்பு, நெஞ்சுவலின்னு என்னை நம்பி இருபத்திமூணு பேரும்மா! மருந்து நின்னா அத்தனை பேரும் செத்துருவாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"நடராஜன் சாரும் உங்ககிட்ட காதுவலின்னு வந்து, ரேடியோ கேட்டதை உங்களை நம்பிச் சொன்னவருதானே ஐயா?"

சேதுபதி குனிந்து ஷரீஃபுதீனின் வாய் நுரையைத் துடைத்தார்.



அதிகாரி அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். ஊருக்கே முகம் தெரிந்த தலையாட்டியால் என்ன பயன்? சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனார்கள். அதே லாரி. முன்னால் பிடிபட்ட இரண்டு பேருக்கும் எதிரில் உட்கார வைத்தார்கள்.

லாரி கிளம்பியது.

அவர் கடைசிவரை ஷரீஃபுதீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு சீராகிறதா என்று.

இரண்டு பேரில் ஒருவன் ஒரு மாதம் கழித்து நொண்டிக்கொண்டு வந்தான். மற்றவன் வரவில்லை.

சேதுபதியும் வரவில்லை.

* * *

ஷரீஃபுதீனுக்கு அன்று மூன்று முறை வலிப்பு வந்தது. மாலை ஆகும்போதுதான் கண் திறந்தான். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது.

"சமது...?"

"வீட்டுல இருக்காரு. பத்திரமா இருக்காரு. காலையில எங்க போனீங்க மச்சான்?"

"அவன்கிட்டதான். புக்கிட் காத்தில் கிராமத்துப் பக்கம் ஓடிரு, சைக்கிள் தர்றேன்னு கெஞ்சினேன். நீ மட்டும் மாட்டிக்கவான்னு கேட்டான். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே வந்தோம்."

நஜ்முன்னிசா உடைந்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள். புட்டி, சந்தேகம், போலி, ஐந்து நாள். திடலில் கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அவள் முந்தானையிலிருந்து அவிழ்த்து நீட்டிய நிஜ மாத்திரையை அவன் கையில் வாங்கினான். விழுங்கவில்லை.

"இது நடராஜன் உசுரு நஜ்மு."

"தெரியும்."

"இதை எப்படி முழுங்கறது?"

"நீங்க துப்பினா அவரு திரும்பி வருவாரா? முழுங்குங்க. எழுந்ததும் ருக்மணி அக்கா வீட்டுக்குப் போவோம். நமக்கு வேகுற உலையில அவங்களுக்கும் சேர்த்தே வேகட்டும். நாம இருக்கறவரைக்கும்."

அவன் விழுங்கினான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். கொல்லப் பார்த்தேன். என்னைத் தலாக் சொன்னாலும் சரி... திட்டுங்க மச்சான். ஏதாச்சும் பேசுங்க!"

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அந்தப் போலி மாத்திரையை எதுல செஞ்ச?"

"மரவள்ளி மாவுல..."

ஷரீஃபுதீன் வீங்கிய நாக்கோடு பெருமூச்சு விட்டான்.

"அடிப்பாவி! ரெண்டரை வருஷமா சோத்துக்குப் பதிலாதான் அதைப் போட்டே... மருந்துக்குமா?"