கடைசி அறையின் கேள்வி

1984 டிசம்பரில் ஒரு பிற்பகல், மலேசியாவின் கிள்ளான் நகருக்கு வெளியே இருந்த பழைய ராணுவக் கட்டடத்தின் முன் குணபூசணியின் கார் வந்து நின்றது. வெள்ளைக்காரன் கட்டி, ஜப்பான்காரன் பிடித்து ஆட்களை அடைத்து விசாரித்து, பிறகு யாருக்கும் வேண்டாமல் போன நீளமான செங்கல் கட்டடம். அதை நூலகமாக மாற்றலாமா, இடித்துவிடலாமா என்று பார்த்து எழுதித் தரவேண்டியது கட்டடக் கலைஞரான அவளுடைய பொறுப்பு. கூட வந்தவர் மேஸ்திரி பழனியப்பன். பன்னிரண்டு வருடமாக அவளோடு பழைய சுவர்களைத் தட்டிப் பார்ப்பவர்.

சுத்தியலால் தட்டினால் போதும்; பூச்சு உறுதியா, உப்பியிருக்கிறதா என்று சத்தமே சொல்லிவிடும். அறை அறையாகத் தட்டிக்கொண்டு போனார்.

"இடிக்க வேணாம்லா மேடம். கல்லு மாதிரி நிக்குது."

கடைசி அறைக்கு ஜன்னல் இல்லை. தரை நாலு பக்கமும் சரிந்து நடுவில் ஒரு சாக்கடைத் துளையில் முடிந்தது. ஈர இரும்பின் வாடை தொண்டையில் ஒட்டியது. குணபூசணி டார்ச் அடிக்க, பழனியப்பன் சுவரில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சியாப்பா லாகி?"

ஆண் குரல். அவசரமில்லாத மலாய். வேறு யார், என்று கேட்டது.

"யாரு மேடம் பேசறது?"

அவள் பதில் சொல்வதற்குள் அவருடைய இடது கை தானாக எழுந்து சுவரில் பதிந்தது. யாரோ மேலே அழுத்துவதுபோல் நகங்கள் வெளுத்தன. சுத்தியல் பிடித்த வலது கை மெல்ல உயர்ந்தது.

"மேடம், கையப் பிடிங்க. நான் தூக்கல."

சுத்தியல் சுண்டுவிரலில் இறங்கியது.

எலும்பு நொறுங்கும் சத்தம்.

"சியாப்பா லாகி?"

அடுத்த விரல்.

எரியும் டார்ச்சைத் தரையில் போட்டுவிட்டு குணபூசணி அவர் முழங்கையைப் பிடித்துத் தொங்கினாள். அந்தக் கை அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கியது. அவள் நெற்றி சுவரில் மோதிக் கிழிந்தது. மூக்குக்கண்ணாடியில் ரத்தம் தெறித்தது. யாருடையது என்று தெரியவில்லை.

மூன்றாவது விரல் நசுங்கியதும் பழனியப்பன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"குணபூசணி," என்றார்.

அன்றுவரை அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

சுத்தியல் கீழே விழுந்தது. அவரை இடுப்பு வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களையும் எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் அழுதார்.

"மன்னிச்சிருங்க மேடம். ஒரு பேரு குடுத்தாத்தான் விடும்னு தெரிஞ்சிச்சு. அங்க நீங்க மட்டுந்தான் இருந்தீங்க."

"பரவால்லண்ணே. தூங்குங்க," என்றாள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அறிக்கையின் முதல் வரியை எழுதினாள்: இந்தக் கட்டடம் எந்தப் பயன்பாட்டுக்கும் உகந்ததல்ல, உடனே மூடவும். அதற்குள் நெற்றிக்குத் தையல் போட உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் இளைஞர். அன்பாகப் பேசினார். "கொஞ்சம் வலிக்கும் ஆன்டி. கைய மேசைமேல வச்சுக்குங்க."

வைத்தாள். உள்ளங்கை மேசையோடு ஒட்டிக்கொண்டது. சுண்டுவிரல் மட்டும் மெல்ல எழுந்து, பின்பக்கமாக வளையத் தொடங்கியது. காதருகே யாரோ பொறுமையாக மூச்சு விட்டார்கள்.

அவள் பல்லைக் கடித்தாள். விரல் முறிந்தது. மோதிர விரல் எழுந்தது.

"ஆன்டி? என்ன ஆச்சு?" டாக்டர் குனிந்தார்.

அவர் சட்டைப்பையின் மேல் பெயர் குத்தியிருந்தது. வீரசிங்கம்.

குணபூசணி வாயைத் திறந்தாள்.