கால் தெரியாத படம்

சனிக்கிழமை பிற்பகல். ரந்தாவ் டவுனுக்கு அப்பாலுள்ள டன்மோர் தோட்டத்தில் கல்யாண விருந்தின் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. மண்டபத்தை ஒட்டி, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை இருந்த பழைய கிராணி ஆபிஸின் கதவு திறந்து கிடந்தது. பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி போட்டுத் திறந்திருந்தார்கள்.

"என் பை எங்க? லென்ஸ் பூரா அதுலதான் இருந்திச்சு!"

படம் எடுக்க வந்த கணேஷ் போட்ட சத்தத்தில் பந்தியில் இருந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார்கள். சிரம்பானில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். காலையில் தோட்ட மேனேஜர் அருட்செல்வனிடம் சாவி வாங்கி, பையை அந்த அறையில் வைத்துப் பூட்டியவன் அவன்தான். இன்னொரு சாவி தோட்டத்துக் காவலாளி நல்லசாமியின் இடுப்பு வளையத்தில் இருந்தது.

அன்று மாலையே தோட்டத்து வாட்சாப் குழுவில் கணேஷ் எடுத்த ஒரு படம் வந்தது. கிராணி ஆபிஸ் கதவு. அதன்மேல் வெள்ளைச் சாயத்தில் எழுதிய நாலு என்ற எண். கதவை மறைத்துக்கொண்டு, சீருடையில், பூட்டுமேல் கையை நீட்டியபடி நல்லசாமி.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்லசாமி ரந்தாவ் போலீஸ் நிலைய லோக்கப்பில் இருந்தார்.

செவ்வாய், காலை ஒன்பதரை.

பாரோயிலிருந்து காரில் வந்த விஜிதா, லயத்து வீடுகளைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தினாள். கடைசி வீட்டின் முன்னால் கேஸ் அடுப்பு, மெத்தை, ரைஸ் குக்கர், கண்ணாடி போட்ட அம்மன் படம் எல்லாம் புல்லில் கிடந்தன. கொடியில் காவலாளிச் சீருடை ஒன்று காய்ந்தது. கால்சட்டையின் அடியில் அகலமாக மடித்துத் தைத்திருந்தார்கள். நெருப்பாகப் பார்த்தபடி ஒரு பெண் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தாள். நல்லசாமியின் மனைவி பஞ்சாலை.

"நீங்கதான் இன்சூரன்ஸா? அந்தப் பையனுக்குப் புதுசு வாங்கிக் குடுக்க வந்தீங்களா?"

"நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விசாரிக்கிற ஆளு. குடுக்கலாமா வேணாமான்னு சொல்றது என் வேலை. இதையெல்லாம் யார் வெளிய வச்சது?"

"மேனேஜர் ஆளு அனுப்புனாரு. கார்டு வேலை இல்லேன்னா கார்டு வூடும் இல்லையாம். சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணணும். புருசன் லோக்கப்புல, பொண்டாட்டி ரோட்டுல. நல்லா இருக்கில்ல?"

"அவர் என்ன சொல்றார்?"

"பாடாங்கு மைதானத்துல காருங்களுக்குக் கை காட்டிக்கிட்டு நின்னாராம். எங்க நிறுத்தணும்னு சொல்றது அவர் வேலைதானே? எல்லாரும் பாத்தாங்க. படம் வந்தப்புறம் பாத்தவனெல்லாம் பாக்கலேங்கிறான்."

விஜிதா தன் பழைய எஸ்.எல்.ஆர். கேமராவை எடுத்து, புல்லில் கிடந்த சாமான்களைப் படம் எடுத்தாள். பஞ்சாலை தடுக்கவில்லை.

"எடுங்க. இந்தத் தோட்டத்துல இப்ப படம் சொன்னாத்தான் நம்புவாங்க."

பத்து மணிக்கு விஜிதா கிராணி ஆபிஸ் வாசலில் நின்றாள். கதவு பாடாங்கைப் பார்த்திருந்தது. தரை ஒரே சமம். பாடாங்கின் அந்தக் கோடியில் பெரிய மழைமரம் ஒன்று. அவளுக்காகக் காத்திருந்த ரந்தாவ் போலீஸ் சார்ஜன் தேவன் ஆறடிக்கு ஒரு விரல் குறைவான மனிதர். காகிதத்தில் அச்சிட்ட படத்தை நீட்டினார்.

"மூணு மணிக்குக் கோர்ட்டு, மேடம். இன்னும் சில நாள் உள்ள வைக்க உத்தரவு கேக்கப் போறோம். பையை எங்க ஒளிச்சான்னு சொல்ல மாட்டேங்கிறான்."

"தெரிஞ்சாத்தானே சொல்லுவார்?"

"படம் இருக்கே, மேடம். எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க."

விஜிதா பார்த்தாள். சட்டைக் கையில் தைத்த பேட்ஜின் எழுத்துகளைக்கூட வாசிக்க முடிந்தது. பின்னாலிருந்த நாலு மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. நல்லசாமியின் தலை கதவின் மேல் தாழ்ப்பாளைத் தொட்டது. முழங்காலோடு படம் முடிந்துவிட்டது. அவள் கதவருகே போய் நின்று அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டாள். கையைத் தூக்க வேண்டியிருந்தது.

வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. கணேஷ் இறங்கினான். நல்ல சட்டை, நல்ல வாசனை.

"சாரி அக்கா, ஜாம். ஃபார்ம் எல்லாம் அனுப்பிட்டேனே, இன்னும் என்ன?"

"சின்னச் சின்னக் கேள்விதான். பைக்குள்ள என்னென்ன இருந்திச்சு?"

"24-70 லென்ஸ், 70-200, ஒரு 85, ஒரு 150-600. ரெண்டு ஃபிளாஷ், டிரைபாட், ஃபில்டருங்க."

"85 எதுக்கு?"

"பொண்ணு மூஞ்சிக்கு. பின்னால இருக்கிற வாளி, தண்ணி டிரம் எல்லாம் கரைஞ்சு போயிடும். மூஞ்சி மட்டும் நிக்கும்."

"70-200?"

"தாலி கட்டும்போது. ஐயர் பக்கத்துல போனா திட்டுவாரு லா."

"150-600 கல்யாணத்துக்கு எதுக்கு? அது காட்டுல குருவி எடுக்கிற லென்ஸ் ஆச்சே."

கணேஷ் மகிழ்ந்துபோனான். "அக்காவுக்கு எல்லாம் தெரியுது! தூரத்துலேர்ந்து எடுக்கத்தான். பக்கத்துல போனா சனங்க உடனே சிரிச்சு வைப்பாங்க. எட்ட நின்னு எடுத்தா அப்படியே இயல்பா இருப்பாங்க. ஆனா அன்னிக்கு அதை வெளியவே எடுக்கல."

"அன்னிக்குக் கையில என்ன இருந்திச்சு?"

"கேமராவும் 18-55-ம். கேமரா வாங்கும்போது கூடவே வர்ற சின்ன லென்ஸ். நல்ல வெயிலு, அது போதும்னு விட்டுட்டேன்."

"நடுவுல பையைத் திறந்தீங்களா?"

"காலையில பூட்டுனதுதான். போச்சுன்னு பாக்கும்போதுதான் மறுபடியும் வந்தேன்."

"இந்தப் படம்?"

"அதே 18-55. இந்தப் புல்லு ஓரத்துல, கதவுக்கு நேரா நின்னேன். அங்கிள் கதவுகிட்ட நின்னாரு. சும்மா ஒரு க்ளிக். அப்ப எனக்கு ஒண்ணும் தோணல."

"ஒரிஜினல் எங்க?"

"கல்யாணப் படத்தை மட்டும் காப்பி பண்ணிட்டு மெமரி கார்டை அழிச்சிட்டேன். மறுநாள் லிங்கியில வேலை. வாட்சாப்புல போனதுதான் இருக்கு."

"பணம் வந்தா இதே லென்ஸுங்கதான் வாங்குவீங்களா?"

"யாரு இப்ப எஸ்.எல்.ஆர். லென்ஸ் வாங்குறா? எல்லாரும் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியாச்சு. பழசைக் கொண்டுபோனா கடைக்காரன் சிரிக்கிறான். பாலிசியில பழசுக்குப் புதுசுன்னு இருக்கில்ல? நான் புது மாடல்லயே எடுத்துக்குவேன்."

"புது லென்ஸ் உங்க பழைய கேமராவுல மாட்டாதே."

"கேமராவையும் மாத்திடுவேன் லா. அதெல்லாம் என் பிரச்சினை."

விஜிதா தன் கேமராவில் 18-55 லென்ஸைப் பொருத்தினாள். "சார்ஜன், கொஞ்சம் அந்தக் கதவுகிட்ட நில்லுங்க. பூட்டுல கை வைங்க."

தேவன் தயக்கத்தோடு போய்க் கதவருகே நின்றார். கணேஷ் காட்டிய புல் ஓரத்தில் நின்று அவள் படம் எடுத்தாள். பிறகு திரையை அவரிடம் காட்டினாள்.

"உங்க தலை எங்க இருக்கு?"

"மேல் தாழ்ப்பாள்கிட்ட."

"நல்லசாமியோட தலை?"

தேவன் அச்சிட்ட படத்தைப் பார்த்தார். "அதே தாழ்ப்பாள்."

"அவர் உங்க உயரமா?"

"இல்ல மேடம். என் தோளுக்குத்தான் வருவாரு." சொல்லி முடித்ததும் தேவன் மறுபடியும் படத்தைப் பார்த்தார். இந்த முறை வெகுநேரம் பார்த்தார்.

"குனிஞ்சு எடுத்தா அப்படித் தெரியும்," என்றான் கணேஷ் வேகமாக. "நான் முட்டி போட்டு எடுத்தேன்."

விஜிதா புல்லில் முட்டி போட்டு, கதவோடு ஒட்டி நின்ற தேவனை மறுபடியும் எடுத்தாள். அவர் தலை முன்பிருந்த இடத்திலிருந்து அசையவே இல்லை.

"கதவை ஒட்டி நிக்கிற ஆளு, நீங்க குனிஞ்சதுக்காக வளர மாட்டாரு, கணேஷ். குட்டையான ஒருத்தர் கதவு உயரம் தெரியணும்னா, நீங்க குனிஞ்சு எடுக்கிறது போதாது, அவரும் கதவை விட்டுத் தள்ளி, கேமரா பக்கமா நிக்கணும். பாடாங்குல. கார் நிறுத்தின இடத்துல. காருக்குக் கை காட்டிக்கிட்டு."

தேவனை அங்கே போய் நிற்கச் சொன்னாள். அவருக்கு எதிரே சில அடி தள்ளி நின்று, அதே சின்ன லென்ஸால், முழங்கால்வரை தெரியும்படி எடுத்தாள். திரையில் தேவன் பெரிதாக நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் கதவு தீப்பெட்டி அளவில் கிடந்தது.

"கிட்ட நின்னு எடுத்தா இப்படித்தான் வரும். ஆளையும் கதவையும் ஒட்ட வைக்கணும்னா ரெண்டையும் விட்டு ரொம்ப தூரம் போகணும். வாங்க."

மூவரும் மழைமரத்தடிக்கு நடந்தார்கள். கணேஷ் கடைசியாக வந்தான். மண்டபத்திலிருந்து நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு ஆளைத் தேவன் கூப்பிட்டு, தாம் நின்ற இடத்தில் நிற்கச் சொன்னார். விஜிதா எடுத்துக் காட்டினாள். பரந்த புல்வெளியில் அந்த ஆள் எறும்பு அளவுக்கு நின்றான். திரையில் பெரிதாக்கினாள். முகம் இருந்த இடத்தில் நிறக் கட்டங்கள்தான் மிஞ்சின.

"சார்ஜன், தெளிவா இருக்குன்னு சொன்னீங்களே, அந்தத் தெளிவுதான் எனக்கு உறுத்திச்சு. இங்கேர்ந்து எடுத்து, பேட்ஜ் எழுத்து தெரியணும், ஆனா பின்னால கதவு நம்பர் கலங்கி இருக்கணும். சின்ன லென்ஸால முடியாது. அந்தப் பைக்குள்ள இருந்ததுல ஒண்ணே ஒண்ணாலதான் முடியும்."

"150-600," என்றார் தேவன்.

"காலையிலேர்ந்து பூட்டிக் கிடந்த பை. நடுவுல திறக்கவே இல்ல. இவன் சொன்னது. அப்ப திருடு போன லென்ஸ் எப்படி வெளிய வந்து திருடனைப் படம் எடுத்திச்சு?"

கணேஷ் மரத்தில் கை வைத்துக்கொண்டான்.

"பை திருடே போகல. உன் சாவியாலயே கதவைத் திறந்து போட்டே," என்றாள் விஜிதா. இதுவரை அடக்கி வைத்திருந்த குரல் இப்போது உயர்ந்தது. "யாரும் கடையில வாங்காத லென்ஸுங்களைக் கம்பெனி தலையில கட்டப் பாத்தே. அது எங்க பணம், அதை விடு. போலீஸ் யார் மேல சந்தேகம்னு கேட்டதும் என்ன பண்ணே? இந்த மரத்தடியில முட்டி போட்டு விருந்தாளிங்களை எடுத்த படங்களை வரிசையா புரட்டி, அதுலேர்ந்து ஒரு திருடனைப் பொறுக்கி எடுத்தே. மூஞ்சிக்கு 85, குருவிக்கு 600-னு பொறுக்குற மாதிரி! சாவி வச்சிருக்கிறவரு, கை நீட்டியிருக்காரு, பின்னால கதவும் வந்திருக்கு. ஒண்ணுதான் இடிச்சிச்சு. கால் தெரிஞ்சா அவர் புல்லுல நிக்கிறது தெரிஞ்சிடும். முழங்காலோட வெட்டிட்டே."

"அங்கிளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்." என்றான் கணேஷ். "பை கிடைக்கலேன்னா ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கன்னு... கார்டு வேலைதானே அக்கா, வேற எங்கயும் கிடைக்குமே."

"இன்னொரு தடவை சொல்லு."



"பை எங்க?" என்றார் தேவன். அவர் முகம் கறுத்திருந்தது. யார்மேல் கோபம் என்று அவருக்கே தெரியவில்லை.

"சிரம்பான்ல. அப்பா கடை மாடியில." கணேஷ் விஜிதாவைப் பார்த்தான். "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க, அக்கா."

"ஏறுடா வண்டியில," என்றார் தேவன்.

மூன்று மணிக்கு நீதிமன்றத்தில் யாரும் எந்த உத்தரவும் கேட்கவில்லை.

நாலரைக்குப் போலீஸ் வண்டி லயத்து முனையில் நின்றது. தேவனே கதவைத் திறந்துவிட்டார். நல்லசாமி இறங்கினார். அதே சீருடை, கசங்கி. பெல்ட்டை அவிழ்த்து வாங்கியிருந்ததால் கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவர், புல்லில் கிடந்த சாமான்களைப் பார்த்து நின்றார்.

"என்னா புள்ள, வூடு மாத்துறியா?"

பஞ்சாலை சிரிக்கவா அழவா என்று தெரியாமல், அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அங்கேயே கையை வைத்துக்கொண்டாள்.

மேனேஜர் அருட்செல்வனின் வண்டி வந்தது. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"நல்லசாமி, தப்பா நடந்துபோச்சு. நாளைக்கே டியூட்டிக்கு வந்துடு. பஞ்சாலை, ரெண்டு ஆளு அனுப்புறேன், சாமானை உள்ள எடுத்து வைக்கட்டும்." விஜிதாவைப் பார்த்துத் தலையசைத்தார். "நல்ல வேலை செஞ்சீங்க. வாங்க, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"எனக்கு இங்க வேலை முடியல," என்றாள் விஜிதா.

பஞ்சாலை வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஆளு வேணாம், ஐயா."

"அப்புறம் யாரு தூக்குவா?"

"தூக்கி வெளிய போட்டவனுங்க நீங்க சொன்னதத்தான் செஞ்சானுங்க. அவனுங்க மேல எனக்குக் கோவம் இல்ல. இறங்குங்க."

"பஞ்சாலை, மரியாதையா பேசு."

"மரியாதையாத்தான் ஐயான்னு கூப்புடுறேன். இறங்குங்க."

லயத்து வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சனிக்கிழமை பார்த்துவிட்டு, படம் வந்ததும் பார்க்கவில்லை என்றவர்கள் வெளியே வந்து நின்றார்கள். தேவன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அருட்செல்வனைப் பார்த்தார். உதவ நகரவில்லை.

வண்டியின் இன்ஜின் நின்றது. அருட்செல்வன் இறங்கினார். சட்டைக் கையை மடித்தார். புல்லில் குனிந்து கேஸ் அடுப்பைத் தூக்கினார்.

விஜிதா கேமராவை எடுத்தாள். அவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து, அடுப்பும் வாசலும் புல்லில் நிற்கும் அருட்செல்வனின் பளபளப்பான சப்பாத்துக் கால்களும் முழுசாக வரும்வரை காத்திருந்தாள்.

"மெதுவா," என்றாள் பஞ்சாலை. "கீறல் விழுந்தா அதுக்கு இன்சூரன்ஸ் இல்ல."