எண்ணும் வேலி

யானைகளுக்கு வேலி திறந்தது. "முப்பத்திரண்டு, குட்டி நாலு" என்று கம்பத்துக்குள்ளிருந்து ஒரு குரல் சொன்னது. கடைசிக் குட்டி ஆற்றுப் பக்கம் இறங்கியதும் மூடிக்கொண்டது. கம்பியும் கிடையாது, முள்ளும் கிடையாது. கம்பத்துக்குக் கம்பம் ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். கிட்டே போனால் காதைக் குடைந்து, குடலைப் புரட்டி, எந்த உயிரையும் பின்னால் தள்ளிவிடும்.

லெசூடா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். நசியேகுவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரி அக்கரையில். இந்தக் கம்பங்களுக்குக் குழி தோண்டியவர்களில் அவனும் ஒருவன். உள்ளங்கைக் காய்ப்பு இன்னும் போகவில்லை.

"திறப்பா. பிள்ளைக்கு முடியலை."

"குரல் கேட்கிறது. உங்கள் பக்கம் உயிர் எதுவும் கணக்கில் இல்லை."

"இல்லாதவனுக்கா வாக்கப்படப் போறேன்னு எங்கம்மா அப்பவே கேட்டா" என்றாள் அவன் மனைவி நைசுலா. சிரிப்பு வரவில்லை.

மாடு மேய்த்துப் பிழைக்கும் சம்புரு சனங்கள் தங்கள் பொது நிலத்தில் காட்டு உயிர்களுக்கும் பங்கு விட்டபோது, கூட்டம் கூடிக் கைதூக்கி வைத்த வேலி இது. புல்லையும் தண்ணீரையும் அளக்கும், உயிர்களை எண்ணும், எது எங்கே போகலாம் என்று முடிவு செய்யும். ஒழிந்தே போச்சு என்றிருந்த யானை வந்தது, வரிக்குதிரை வந்தது. ஊர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: எங்களை எண்ணக் கூடாது. மனுசரை எண்ணினால் சாவு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. மாட்டைக்கூட எண்ண மாட்டார்கள். நிறத்தைப் பார்த்தே எது வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். மழை இருந்தவரை வேலி திறந்தே கிடந்தது. இந்த வறட்சியில்தான் முதல் தடவை மூடியது.

"சரி, எங்க மூணு பேரை எண்ணிக்கோ."

"மூவரை மட்டும் எண்ண முடியாது. நிலத்திலுள்ள எல்லாரையும் சொல்லுங்கள்."

நைசுலா அவன் கையைப் பிடித்தாள். "வேணாம். ஊர் நம்மளைச் சும்மா விடாது."

பிள்ளையின் மூச்சு அவன் கழுத்தில் அனலாக அடித்தது. எண் சொல்ல நாக்கு வரவில்லை. மந்தையைப் பார்ப்பதுபோல், குடிசை குடிசையாக முகங்களைக் கண்ணில் கொண்டுவந்து பேர் சொன்னான். வேலி கூட்டிக்கொண்டது.

ரீங்காரம் நின்றது. நைசுலா பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினாள். மற்ற இரண்டு பிள்ளைகளும் மாடுகளும் ஊரில், அவன் நின்றுவிட்டான். மறுபடி ரீங்காரம் எழுந்தது.

"எப்பத் திரும்பி வரலாம்?" என்று கேட்டான்.

"இந்த நிலம் தாங்கும் மனிதர் இருநூற்று நாற்பது. போன இருவரையும் சேர்த்து நீங்கள் சொன்னது இருநூற்று நாற்பத்து மூன்று. மூன்று குறைந்தால் இருவரும் வரலாம்."

"குறையறதுன்னா?"

"யானைக்கும் இதே விதிதான்."

அக்கரையில் நைசுலா ஒரு புள்ளியாகிக்கொண்டிருந்தாள். லெசூடா ஊரைப் பார்க்க நடந்தான். வழியில் எதிர்ப்பட்ட கிழவர் லெமோரா இருமிக்கொண்டே, "பிள்ளைக்கு எப்படிடா இருக்கு?" என்று கேட்டார்.

லெசூடா அந்த இருமலையே கேட்டுக்கொண்டு நின்றான். ஒன்று, என்றது மனசு.